மரம் நட்டு அழித்த மலை

கிராம நிர்வாக அலுவலகத்தில் ‘அ’ பதிவேடு என்று ஒன்று இருக்கும். அதைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இரண்டு சொற்றொடர்கள் பழகியிருக்கும்: ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’. வரி போடத் தகுந்த நிலம், ஆனால் யாரும் பயிர் வைக்கவில்லை என்றால் முதல் வகை. வரி போடும் அளவுக்குக்கூட அதில் ஒன்றும் தேறாது என்று சர்க்கார் முடிவுகட்டியிருந்தால் இரண்டாவது வகை. அந்த நிலத்தில் தானாக என்ன முளைக்கிறது, யாருடைய ஆடு அங்கே மேய்கிறது, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் பதிவேடு கேட்கிற கேள்விகள் இல்லை. நிலவரி வசூலிக்க வந்தவர்கள் உண்டாக்கிய பட்டியல் அது. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: இதிலிருந்து எவ்வளவு வரும்?

தரிசு என்ற அந்தப் பார்வை தமிழ்நாட்டின் மிக உயரமான மலைகளில் இருநூறு ஆண்டுகளில் என்ன செய்தது என்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அதற்கு முன் என் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையின் நுனி அங்கேதான் எனக்குக் கிடைத்தது. பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது அரும்பாவூர். மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். கோயில் வாகனங்கள், தேர்ச் சிற்பங்கள், ஆளுயரச் சாமி சிலைகள் என்று இங்கே செதுக்கியவை எங்கெங்கோ போயிருக்கின்றன. 2020இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்த ஊரில் மரத்தைப் பற்றிப் பேசுவது மற்ற ஊரில் மழையைப் பற்றிப் பேசுவது மாதிரி. வாகையா, வேம்பா, மாவா, எத்தனை வருஷத்து மரம், வைரம் பாய்ந்திருக்கிறதா, வெளிறு எவ்வளவு தூரம், உளி எப்படி இறங்குது என்று பேச்சு ஓடும். ஒருமுறை பட்டறையில் ஒரு பெரியவர் சொன்னார்: “மரத்துக்கு உசுரு நடுவுல இருக்குதுப்பா. வெளியில இருக்கறதெல்லாம் வெறும் சட்டை.”

தொல்காப்பிய மரபியலைப் படித்தபோது அந்தப் பேச்சு சட்டென்று ஞாபகம் வந்தது. மரம் எது, புல் எது என்பதைத் தொல்காப்பியர் உயரத்தை வைத்தோ பருமனை வைத்தோ பிரிக்கவில்லை, காழ் எங்கே இருக்கிறது என்பதை வைத்துப் பிரிக்கிறார். உள்ளே வைரம் கொண்டது மரம். வெளியே வைரம் கொண்டது புல். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல்தான். இதில் எனக்குப் பிடித்தது, புல்லும் மரமும் சம அந்தஸ்தில் எதிரெதிரே நிற்பது. ஒன்று இருக்கிறது, மற்றது இல்லாத குறை என்ற எண்ணமே அங்கே கிடையாது. பதிவேட்டுக்கு அந்தப் பக்குவம் வாய்க்கவில்லை. அதைப் பொறுத்தவரை மரம் என்பது சொத்து, புல் என்பது மரம் இல்லாத இடம்.

பனி போட்ட வேலி

எங்கள் பச்சைமலை சுமார் ஆயிரம் மீட்டரோடு நின்றுவிடும். அங்கே உறைபனி கிடையாது. மலை இன்னும் ஒரு மடங்கு உயரும்போதுதான் காடு வேறு மாதிரி நடந்துகொள்ள ஆரம்பிக்கிறது. தமிழ்நாட்டில் அதைப் பார்க்க நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் பழனி மலைக்கும்தான் போக வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் 1,800 மீட்டருக்கு மேலே, மரம் மலையை முழுசாகப் போர்த்துவதில்லை. மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் குட்டையான, நெருக்கமான, பாசி படர்ந்த மரக்கூட்டங்கள் இருக்கும். அவைதான் சோலைகள். அவற்றுக்கு வெளியே, திறந்த சரிவுகள் முழுக்கப் புல். சோலையின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நின்றுவிடும். ஓர் அடி இந்தப் பக்கம் வைத்தால் இருட்டு, அந்தப் பக்கம் வைத்தால் வெளி.

ஐரோப்பியர் ஆல்ப்ஸ் மலையில் மரக்கோட்டுக்கு மேலே இருக்கும் புல்வெளியை வைத்து ‘ஆல்பைன்’ என்ற சொல்லை உண்டாக்கினார்கள். இமயமலையில் அதற்கு ஈடான புல்வெளியை உத்தராகண்ட் மக்கள் ‘புக்யால்’ என்கிறார்கள். நம் மலைகள் அந்த அர்த்தத்தில் ஆல்பைன் இல்லை, பூமத்தியரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு மரக்கோட்டைத் தாண்டும் உயரமும் இல்லை. இருந்தாலும் உறவு தெரிகிறது. இமயத்தில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரானின் கிளை இனம் ஒன்று நீலகிரிச் சோலை ஓரங்களில் காட்டுப் பூவரசு என்ற பெயரில் பூக்கிறது. இடையில் இரண்டாயிரம் கிலோமீட்டர் சமவெளி.

சோலை ஏன் புல்வெளிக்குள் பரவுவதில்லை? நீண்ட காலம் சொல்லப்பட்ட பதில், மனிதர்கள்தான் காட்டை எரித்தும் மாடு மேய்த்தும் புல்வெளி ஆக்கிவிட்டார்கள் என்பது. இந்தப் பதிலில் ஒரு வசதி இருந்தது. புல்வெளி சீரழிந்த காடு என்று ஆகிவிட்டால், அங்கே மரம் நடுவது திருப்பணி ஆகிவிடும்.

1993இல் ரா. சுகுமாரும் அவருடைய சகாக்களும் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நீலகிரியின் சதுப்புகளில் பீட் என்கிற கருப்பு மட்கு மண் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். வெப்பநாட்டுப் புற்களும் மரங்களும் காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்ளும் முறை வேறு வேறு. அந்த வித்தியாசம் அவை மக்கி மண்ணான பிறகும் கரியின் கனமான, லேசான வகைகளின் விகிதத்தில் தங்கிவிடும். மண்ணின் ஒவ்வோர் அடுக்கையும் அளந்தால் எந்தக் காலத்தில் புல் மேலோங்கியது, எந்தக் காலத்தில் மற்றத் தாவரங்கள் மேலோங்கின என்று படித்துவிடலாம். அப்படிப் படித்ததில், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளாகப் புல்லும் சோலையும் ஈரத்துக்கும் வறட்சிக்கும் ஏற்ப முன்னும் பின்னுமாக நகர்ந்து வந்திருப்பது தெரிந்தது. பனியுகம் உச்சத்தில் இருந்தபோதே அங்கே புல் இருந்தது. யாரும் கோடாலியோடு ஏறியதற்கு வெகு காலம் முன்பே.

மேலே வேலி போடுவது உறைபனி. நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை, தெளிந்த இரவுகளில் திறந்த புல்வெளியின் தரை உறைகிறது. சோலைக்குள் இலைக்கூரை சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அங்கே அந்த அளவுக்குக் குளிர் இறங்குவதில்லை. சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும் கன்று முதல் பனிக்காலத்தைத் தாண்டுவது அரிது. புல்லுக்கு அந்தக் கவலை இல்லை. மேலே கருகினாலும் தூரில் உயிர் இருக்கும், மழைக்குத் தளிர்க்கும். தீக்கும் மேய்ச்சலுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வேலியின் முதல் கல்லைப் பனிதான் வைத்தது.

இந்தப் புல்லை நம்பி வாழும் உயிர்களை வரிசையாகச் சொல்லலாம். வரையாடு, சங்கப் பாடல்களில் வருடை என்று வருவது, புல்வெளியும் பாறைச் செங்குத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடத்தில் மட்டுமே வாழும். ஆபத்து என்றால் பாறைக்கு ஓடவேண்டும், பசி என்றால் புல்லுக்கு வரவேண்டும். இமயத்து வரையாட்டின் தம்பி என்றே வெகுநாள் நினைத்திருந்தார்கள். 2005இல் வந்த மரபணு ஆய்வு, இது செம்மறியாட்டுக்குத்தான் நெருக்கம் என்று தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டது. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை புல்லுக்குள்ளேயே கூடு கட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் இந்தச் சரிவுகளின் செடிதான்.

பிறகு தண்ணீர். பைக்காரா நீர் மோயாற்றில் விழுந்து, பவானிசாகரில் பவானியோடு சேர்ந்து, கூடுதுறையில் காவிரியில் கலக்கிறது. முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடமாகி அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லை வழியாகப் போகிறது. திருமானூர்ப் பாலத்தில் நின்று பார்க்கிற தண்ணீரில் ஒரு பங்கு, எங்கோ ஒரு புல்வெளிச் சதுப்பில் தங்கி மெதுவாகக் கசிந்து வந்தது. மழை நின்ற பிறகும் ஓடை ஓடுவது அந்தச் சதுப்புகள் கொடுக்கிற தவணையால்.

யாருடைய வெளி

1603இல் பெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மலபாரிலிருந்து நீலகிரி ஏறினார். அங்கே மறந்துபோன கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தேடிப் போன பயணம். கிறிஸ்தவர்கள் கிடைக்கவில்லை. எருமைகளோடு வாழ்ந்த தோடர்களைச் சந்தித்துவிட்டுத் திரும்பினார். அதன் பிறகு இரண்டு நூற்றாண்டு, வெளியிலிருந்து பெரிதாக யாரும் தொந்தரவு செய்யவில்லை.

தோடர் மேய்த்தார்கள், படகர் பயிர் வைத்தார்கள், கோத்தர் இரும்பும் மண்ணும் வனைந்தார்கள், குறும்பர் காட்டுப்பொருளும் மருந்தும் கொண்டுவந்தார்கள். ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி வாழ்ந்த ஏற்பாடு. தோடரின் பால்கோயிலும் எருமையும் புல்லும் ஒரே சங்கிலி. கோயில் வேய்வதற்குச் சதுப்பில் வளரும் ஒரு குறிப்பிட்ட புல்தான் வேண்டும். அந்தப் புல்லின் அறிவியல் பெயர் ரங்காச்சாரியார் நினைவாக வைக்கப்பட்டது. 1921இல் தென்னிந்தியப் புற்களைப் பற்றி ஆங்கிலத்தில் கையேடு எழுதிய கோயம்புத்தூர்த் தாவரவியலாளர் அவர். நெல்லும் கரும்பும் ஆராய்ந்து பெயர் வாங்குகிற காலத்தில், யாரும் திரும்பிப் பார்க்காத காட்டுப் புல்லை உட்கார்ந்து வரைந்து, எண்ணி, விவரித்த அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு.

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறினார். சில ஆண்டுகளில் அவருடைய கல்வீடு எழுந்தது, ஏரி வெட்டப்பட்டது, ஊட்டி பிறந்தது. குளிர், திறந்த பச்சைச் சரிவு, மூடுபனி. ஊர் ஞாபகத்தில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு அது இங்கிலாந்து மாதிரியே இருந்தது. யாருடையது என்ற கேள்வி மட்டும் இடித்தது. சல்லிவனே, இந்த நிலம் தோடர்களுடையது, எடுத்தால் ஈடு கொடுக்கவேண்டும் என்று வாதாடினார். மெட்ராஸ் சர்க்கார் ஒப்பவில்லை. மேய்க்கிற உரிமை இருக்கலாம், உடைமை கிடையாது என்கிற நிலைப்பாடே கடைசியில் ஜெயித்தது. ஏர் பூட்டினால் உரிமை வரும், எருமை மேய்த்தால் வராது. 1860களில் இந்த மலைகளின் நிலம் ‘தரிசு நில விதிகள்’ என்ற தலைப்பின் கீழ் விற்பனைக்கு வந்தது. விற்கப்பட்டதில் சோலையும் இருந்தது, புல்வெளியும் இருந்தது. எல்லாம் காப்பித் தோட்டமாக, சிங்கோனாத் தோட்டமாக, தேயிலைத் தோட்டமாக மாறிக்கொண்டிருந்தன.

நல்ல எண்ணத்தில் நட்ட மரம்

இனி வருகிற பகுதியைப் படிக்கும்போது ஒரு வில்லனைத் தேடுவீர்கள். அவ்வளவு சுலபமாகக் கிடைக்க மாட்டான்.

ஊட்டியில் குளிர் காய விறகு வேண்டும். படைவீரர் குடியிருப்புகளுக்கு, பங்களாக்களுக்கு, அடுப்புகளுக்கு. பக்கத்துச் சோலைகளை வெட்டினார்கள். சோலை மரம் நின்று வளர்வது; ஒன்று போனால் அந்த இடத்தில் இன்னொன்று வர ஒரு தலைமுறை ஆகும். இப்படியே போனால் ஓடை வற்றும் என்று அன்றைக்கே அதிகாரிகளில் சிலர் பயந்தார்கள். அப்போது கைக்குக் கிடைத்தவை ஆஸ்திரேலிய மரங்கள். 1840களில் சீகையும் கற்பூர மரமும் நீலகிரிக்கு வந்து சேர்ந்துவிட்டன. மலைக்காரர்கள் கற்பூர மரம் என்பதை நாம் சமவெளியில் தைலமரம் என்கிறோம்; சீகை என்று அவர்கள் சொல்வது ஆங்கிலத்தில் வாட்டில் எனப்படுவது. சடசடவென்று வளர்ந்தன, பனியில் சாகவில்லை. 1860களில் ஊட்டி பக்கத்தில் அரம்பி என்ற இடத்தில் அரசே பெரிய விறகுத் தோட்டம் போட்டது. எங்கே போடுவது? சோலையை வெட்டிப் போட்டால் நோக்கமே கெட்டுவிடும். காலியாகக் கிடந்த இடத்தில், அதாவது புல்லில், போட்டார்கள். சோலையைக் காப்பாற்றப் புல்வெளியைக் கொடுத்தார்கள். இருபது ஆயிரம் ஆண்டாகப் பனி காத்த வேலியைப் பனியை மதிக்காத மரம் சத்தமில்லாமல் தாண்டியது.

வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்காரர் காலத்தில் தப்பித்த புல்வெளிகளில் கணிசமானவை வேட்டையால் தப்பித்தவை. ஊட்டிக்கு வெளியே வென்லாக் டவுன்ஸில் குதிரையில் நாயோடு நரி துரத்தினார்கள். குதிரை ஓட வெளி வேண்டும். 1877இல் தொடங்கிய நீலகிரி வேட்டைச் சங்கமும் 1879இல் வந்த சட்டமும் வரையாட்டைச் சுடுவதற்கு வரம்பு வைத்தன. மூணாறு பக்கம் இரவிகுளத்தைத் தேயிலைத் துரைகள் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். கேரள அரசு 1971இல் சட்டம் போட்டு நிலத்தை மீட்டது, 1975இல் சரணாலயம் ஆக்கியது, 1978இல் தேசியப் பூங்கா ஆக்கியது. உலகத்தில் வரையாடு மிக அதிகமாக இருக்கும் இடங்களில் ஒன்றாக இன்றும் அதுவே இருக்கிறது.

பெரிய அடி சுதந்திரத்துக்குப் பிறகுதான் விழுந்தது. இதுவும் நல்ல எண்ணம்தான், தற்சார்பு. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் தோல் பதப்படுத்த நம் வறண்ட காட்டின் ஆவாரம்பட்டைதான் வெகுகாலம் பயன்பட்டது. எங்க ஊர்ப் பக்கக் கரம்பில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்குமே, அதே ஆவாரை. அது போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து சீகைப் பட்டை இறக்குமதி ஆனது. அந்நியச் செலாவணியை மிச்சம் பிடிக்க அதை நாமே வளர்க்கலாமே என்று திட்டம் போட்டார்கள். இன்னொரு பக்கம் சிறுமுகையில் செயற்கைப் பட்டு ஆலை வந்தது, அதற்குக் கூழுக்குக் கற்பூர மரம் வேண்டும். நீலகிரியிலும் பழனி மலையிலும் வனத்துறை ஆண்டுக்கு ஆண்டு புல்வெளியில் கருஞ்சீகையும் கற்பூர மரமும் நட்டது. நட்டவர்கள் அதைக் காடு வளர்ப்பு என்றே எழுதினார்கள். அதே காலத்தில் குந்தா மின்திட்டம் வந்தது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி அணைகளின் நீருக்கடியில் போனதிலும் புல்வெளிப் பள்ளத்தாக்குகள் உண்டு. அந்த மின்சாரம் நமக்கும் வந்தது.

கணக்கு பின்னாடிதான் தெரிந்தது. நீலகிரியில் க்ளென்மார்கன் பகுதியில் இரண்டு சிறு ஓடைப் படுகைகளை எடுத்துக்கொண்டு, ஒன்றில் கற்பூர மரம் வைத்து, இன்னொன்றைப் புல்லும் சோலையுமாக விட்டு, மண்வள விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். மரம் வைத்த படுகையில் முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பிறகு மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு இன்னும் கூடியது. கோடையில் தவணை கொடுக்கவேண்டிய நீர், மரத்தின் இலை வழியாகக் காற்றுக்குப் போய்விட்டது. பழனி மலையைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்தவர்கள், 1973க்கும் 2014க்கும் இடையில் அங்கே இருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனதை 2018இல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் மரத்தோட்டத்துக்குப் போயிருந்தது, மிச்சம் விவசாயத்துக்கு. அவர்கள் காட்டிய இன்னொரு விஷயம் முக்கியம்: நடுவதை நிறுத்திய பிறகும் சீகை நிற்கவில்லை. தானே பரவிக்கொண்டிருக்கிறது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு காத்திருக்கும். வெட்டினால் முளைக்கும், எரித்தால் இன்னும் வேகமாக முளைக்கும்.

தைலமரத்துக்கு எங்கள் மாவட்டங்களிலும் ஒரு கிளைக்கதை இருக்கிறது. 1790 வாக்கில் திப்பு சுல்தான் தன் நந்தி மலைத் தோட்டத்தில் கொண்டுவந்து வைத்த யூகலிப்டஸ் மரங்களின் வாரிசுகள் ‘மைசூர் கம்’ என்ற பெயரில் வறண்ட சமவெளிகளுக்குப் பரவின. இன்று அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகப் பஸ்ஸில் போனால் முந்திரிக்கும் தைலமரத்துக்கும் நடுவே சாலை ஓடும். மேலே நட்டது வேறு இனம், கீழே நட்டது வேறு இனம். நிலத்தைப் பார்த்த கண் ஒன்றுதான்: சும்மாதானே கிடக்கு, மரமாவது வைப்போம்.

காப்பது என்றால் என்ன

பாதுகாப்பின் வரலாற்றில் முதலில் சொல்லவேண்டிய பெயர் இ.ஆர்.சி. டேவிதார். குன்னூரில் வக்கீல், ஆரம்பத்தில் வேட்டைக்காரர். துப்பாக்கியை வைத்துவிட்டு, மலைமலையாக நடந்து வரையாட்டை எண்ணினார். 1975இல் அவர் செய்த ஆய்வு அந்த விலங்கைப் பற்றிய முன்னோடி ஆய்வுகளில் ஒன்று. 1982இல் முக்குருத்தி சரணாலயம் ஆனது, 1990இல் தேசியப் பூங்கா. பரப்பு 78 சதுர கிலோமீட்டர்தான். 1988இன் தேசிய வனக் கொள்கை, இயற்கைக் காடுகளை ஆலைகளின் தோட்டங்களுக்குக் கொடுக்கக்கூடாது என்றது. 2022இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் 25.14 கோடி ரூபாயில் வரையாடு திட்டத்துக்கு ஆணை வந்தது. டேவிதார் நினைவாக அக்டோபர் 7 வரையாடு நாள் ஆனது. 2024இல் தமிழ்நாடு முழுக்க ஒரே நேரத்தில் எண்ணியபோது 1,031 வரையாடுகள் கிடைத்தன, 2025இல் 1,303.

இவ்வளவும் நல்ல செய்தி. ஆனால் புல்வெளியைக் காப்பது காட்டைக் காப்பதைவிடச் சிக்கலானது. காட்டைச் சுற்றி வேலி போட்டு விலகி நின்றால் பாதி வேலை முடிந்துவிடும். புல்வெளியில் விலகி நிற்பதே சில சமயம் பிரச்சினை. தோடர்கள் வறண்ட காலத்தில் பகுதி பகுதியாகத் தீ வைப்பார்கள், பழம்புல் எரிந்து இளம்புல் வரும், எருமை மேயும். பூங்கா எல்லைக்குள் தீயும் தடை, மேய்ச்சலும் தடை. தீயை எப்போது, எவ்வளவு, யார் கையால் அனுமதிப்பது என்பது இன்னும் தீராத வழக்கு. சீகை முளைத்திருக்கும் இடத்தில் எரித்தால் சீகைக்குத்தான் கொண்டாட்டம் என்பதால், பழைய அறிவை அப்படியே திரும்பக் கொண்டுவந்தாலும் போதாது.

இமயத்திலும் இதே முடிச்சுதான். உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு 1982இல் தேசியப் பூங்கா ஆனது, மேய்ச்சல் நின்றது. அதன் பிறகு ஒருவகை உயரமான செடி மற்றச் செடிகளை மறைத்து வளர ஆரம்பித்தது. ஆடு போனதுதான் காரணமா என்று அறிஞர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். இன்னொரு பக்கம், புக்யால்களில் சுற்றுலாக் கூடாரங்கள் பெருகியதால், 2018இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் அங்கே இரவு தங்குவதையே தடை செய்தது. இடையனை வெளியேற்றிவிட்டு டூரிஸ்ட்டை உள்ளே விட்டால் அது பாதுகாப்பு ஆகாது என்று நீதிமன்றம் வரைக்கும் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சீகையை வெட்டினால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. கொடைக்கானல் பக்கம் பல ஆண்டு களத்தில் இருந்தவர்கள் கவனித்த ஒன்று இருக்கிறது. பழைய சீகைத் தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் வளர்கின்றன. அந்நிய மரத்தின் கூரை பனியைத் தடுக்கிறது, உள்ளூர்க் கன்று பிழைத்துக்கொள்கிறது. அங்கே போய் மொட்டையாக வெட்டினால் வளரும் சோலையையும் சேர்த்துக் கொல்கிறோம், மண்ணில் காத்திருக்கும் சீகை விதையையும் எழுப்பிவிடுகிறோம். ஆகவே அவர்கள் சொல்வது: சீகை இப்போதுதான் நுழைந்துகொண்டிருக்கிற புல்வெளி விளிம்புகளில் முதலில் கை வையுங்கள், இளங்கன்றுகளைப் பிடுங்குங்கள், மிச்சமிருக்கிற நல்ல புல்லைக் காப்பாற்றுங்கள். முதிர்ந்த தோட்டத்தை அவசரப்பட்டுத் தொடவேண்டாம். விறகுக்கு அந்தச் சீகையை நம்பியிருக்கும் ஏழை வீடுகளையும் கணக்கில் எடுக்கவேண்டும். புல்லை மீட்பது ரொம்ப மெதுவான வேலை. நாற்றங்காலில் உள்ளூர்ப் புல்லின் தூரை வளர்த்து, சரிவில் ஒவ்வொன்றாகக் கையால் ஊன்றி, நடுவில் முளைக்கும் சீகைக் கன்றைப் பல வருஷம் விடாமல் பிடுங்கவேண்டும். போட்டோவில் அது சாதனையாகவே தெரியாது. மரக்கன்று நட்டால் மந்திரி வருவார், பேப்பரில் படம் வரும். புல் நட்டால் யார் வருவார்?

நம் வயதுக்காரர்கள் மரம் நடுவோம் என்ற குரலைப் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். பெரம்பலூர் மாதிரி மாவட்டத்தில் அந்தக் குரலுக்கு நியாயமும் இருக்கிறது. ஏரிக்கரையில், சாலையோரத்தில், மொட்டையாகிப்போன அடிவாரத்தில் நடவேண்டியதுதான். சிற்பி உளி வைக்க நாளைக்கு வாகை வேண்டாமா? நடுவதற்கு முன் அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்கிற பழக்கம்தான் வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களின் பதிவேட்டில் ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்று ஒரு வகை உண்டு. மக்காச்சோளமும் பருத்தியும் அறுத்த பிறகு செம்மறிக் கிடை போட வருகிறவர்கள் இடைக்காலத்தில் ஆட்டைத் திருப்புகிற இடம். வெயில் காலத்தில் பார்த்தால் காய்ந்த கோரையும் ஆவாரையும் முள்ளும்தான் தெரியும். இன்றைக்கு யாருக்காவது திட்டத்துக்கு நிலம் வேண்டுமென்றால் முதலில் கண்ணில் படுவது அதுதான். காலியா இருக்கு என்று சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேச அங்கே ஆள் இருக்காது. ஆடு மேய்ப்பவர்கள் பட்டா வைத்துக்கொண்டு மேய்ப்பதில்லை.

நீலகிரியில் 1819க்குப் பிறகு நடந்தது இதேதான், கொஞ்சம் பெரிய அளவில், கொஞ்சம் அதிக உயரத்தில். நிலத்தை நம்பி இருந்தவர்களிடம் ஏர் இல்லை. நிலத்தின்மேல் நின்றதற்கு வைரம் இல்லை. எனவே யாருமில்லாத இடம், ஒன்றுமில்லாத இடம் என்று எழுதிக்கொண்டார்கள். எழுதிய பிறகு செய்ததெல்லாம் அந்தச் சொல்லை நிஜமாக்குகிற வேலை.

2018இல் மேலே குறிஞ்சி பூத்தது. அடுத்து 2030. கூட்டம் கூட்டமாக வண்டி ஏறும், பக்கம் பக்கமாகப் பதிவுகள் வரும், நானும் போவேன். அதற்குள் புல்வெளி விளிம்பில் எத்தனை சீகைக் கன்றுகள் பிடுங்கப்பட்டிருக்கும் என்பதைப் பொறுத்துத்தான் நாம் பார்க்கப்போகிற நீலத்தின் அகலம் இருக்கும்.